வேண்டாம் அண்ணையும் மெக்சிகோக் கோழியும்

ஆஸ்திரேலியா என்ற ஒரு முழுக் கண்டத்தோடு தனியாளாகச் சண்டை போட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வேண்டாம் அண்ணை. சண்டைக்குக் காரணம் நிலமில்லை, நிறமில்லை, மதமில்லை. ஒரு கப் டீ. அந்தச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். எனவே இதைக் கோபமாகத்தான் எழுதப்போகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இரண்டாம் தடவை கூப்பிட மாட்டேன்.

எழுபதுகளின் நடுவில் நான் மதுரையிலிருந்து சிட்னிக்குப் போய், பரமட்டாவில் ஒரு வடிகால் அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த மேசையில் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதே வேலை. இருவரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் இருந்தோம். இருவருக்கும் மூன்று வருட ஒப்பந்தம். மூன்றாம் வருடம் முடியும்போது மேலாளர் நீட்டித்தால் நாட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அண்ணையிடம் ஒரு பழக்கம் இருந்தது. அவருடைய ஊரில் மட்டுமல்ல, எங்கள் ஊரிலும் உள்ள பழக்கம்தான். ஒரு வீட்டில் சாப்பிடச் சொன்னால் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் மறுபடி சொல்வார்கள். மறுபடி வேண்டாம். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள். அப்புறம், இவ்வளவு சொல்கிறீர்களே என்பதற்காக மட்டும், தட்டைத் துடைத்துக் காலி பண்ணலாம். நாங்களெல்லாம் விமானத்திலிருந்து இறங்கிய ஒரே வாரத்தில் இதை மூட்டை கட்டி வைத்துவிட்டோம். அண்ணை மட்டும் விடமாட்டேன் என்று நின்றார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை பத்து மணிக்கு டீ வண்டி வந்தது. உதட்டுச் சாயமும் வீட்டுச் செருப்புமாக ஓர் அம்மாள் அதைத் தள்ளிக்கொண்டு வருவாள். அண்ணையிடம் நின்று, "டீ, லவ்?" என்றாள்; அங்கே எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அண்ணை நெஞ்சில் கை வைத்து, தலையைச் சாய்த்து, "நோ, தாங்க் யூ" என்றார். "ரைட்டோ" என்று அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போயே போய்விட்டாள். வண்டி திரும்பி வரும் என்று அண்ணை பதினொன்றரை மணி வரை பென்சிலைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். அது வரவில்லை. இந்த ஆள் டீ குடிப்பதில்லை என்று அந்த அம்மாள் மனதில் எழுதிக்கொண்டாள். பிறகு கிட்டத்தட்ட மூன்று வருடம் அந்த வண்டி அவர் மேசை முன்னால் நிற்கவே இல்லை.

அன்று மாலை வீட்டுச் சமையலறையில் நாற்காலியை உதைத்துத் தள்ளினார்.

"ஒருக்காத்தான் கேப்பாளாம் ஐசே! ஒருக்கா! எங்கட வீட்டு நாயைக்கூட ரெண்டு தரம் கூப்பிட்டுத்தான் சோறு வைக்கிறம்."

"அண்ணே, நாளைக்கு நீங்களே கூப்பிட்டு, எனக்கும் ஒரு டீ குடும்மான்னு கேட்டுடுங்க. முடிஞ்சுபோச்சு."

"கேட்டு வாங்கிக் குடிக்க நான் என்ன அலைஞ்சவனே?"

இப்படியே போயிற்று. மேலாளர் ஒரு சனிக்கிழமை எங்களை வீட்டுக்கு அழைத்தார். அவருடைய மனைவி கேக் நீட்டினார். அண்ணை வேண்டாம் என்றார். கேக் நேராக என்னிடம் வந்தது. நான் இரண்டு துண்டு எடுத்தேன். அதற்காக அண்ணை ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்னொரு நாள் கொட்டுகிற மழையில் மேலாளர் காரை நிறுத்தி, "ஏறிக்கொள்கிறாயா?" என்று கேட்டார். "நோ, தாங்க் யூ." கார் போய்விட்டது. அண்ணை நனைந்து, காய்ச்சல் வந்து, நான்கு நாள் படுத்தார். கஞ்சி வைத்துக் கொடுத்தவன் யார்? நான்தான். அந்தக் கஞ்சியையும் முதலில் வேண்டாம் என்றார். நான் மூன்று தடவை கெஞ்சினேன். எனக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

அவர் விருந்து கொடுத்தால் இன்னும் ஆபத்து. மின்சார மீட்டர் பார்க்க வந்த ஓர் ஆளை உள்ளே கூப்பிட்டு இடியப்பமும் மீன் குழம்பும் வைத்தார். அந்த ஆள் வேண்டாம் என்றான். அண்ணை மகிழ்ந்துபோய் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார். "ஐயோ, நிஜமாகவே வேண்டாம்" என்றான். அண்ணை அவன் தோளை அழுத்தி உட்கார வைத்துக் குழம்பை ஊற்றினார். அவன் டார்ச்சை எங்கள் மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினான். அடுத்த தடவை வேறு ஆள் வந்தான், அவனும் வாசற்படியைத் தாண்டி வரவில்லை.

மூன்றாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். எங்கள் அலுவலகத்து கெவின் பிளாக்டவுனில் தன் வீட்டுக்கு எல்லோரையும் கூப்பிட்டான். அந்தக் காலத்தில் வெளிநாடு போய்வந்தவன் ஊரையே கூப்பிட்டு, திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, சுவரில் ஸ்லைடு படம் காட்டுவான். தப்பிக்க வழியில்லை. கெவின் போய்வந்தது மெக்சிகோ. முதல் முப்பது படத்திலும் அவனுடைய மனைவி ஏதாவது ஒரு கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். அண்ணை வழக்கம்போல் வந்த தட்டையெல்லாம் வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, பசியோடு இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

மலைக் கிராமங்களின் படங்கள் வந்தன. கெவின் அலுத்துக்கொண்டான். "இந்த ஊர்களில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒரு வீட்டில் ஒன்பது தடவை நோ என்றேன். ஒன்பது தடவையும் சாப்பாட்டை வைத்தார்கள். நோ என்றால் என்னவென்றே தெரியாத ஜனங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் ஒரு நாற்காலி விழுந்தது. அண்ணை எழுந்து நின்றுகொண்டிருந்தார். சுவரில் விழ வேண்டிய கழுதைப் படம் அவர் சட்டையில் விழுந்திருந்தது.

"நைன் டைம்ஸ்?" என்று கேட்டார்.

ரயிலில் வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் பேச்சு மெக்சிகோதான். "அங்கை மனிசர் இருக்கினம் ஐசே! நான் நினைச்சன் உலகம் முழுக்க இப்பிடி வறண்டு போச்செண்டு. அங்கை மனிசர் இருக்கினம்! வாரும், லீவுக்குப் போட்டு வருவம்."

"நான் வரல."

"வாரும்."

"அண்ணே, சத்தியமா வரல. லீவுக்கு நான் ஊருக்குப் போய் அம்மாவப் பாக்கணும்."

"வாரும் எண்டுறன்!"

"மாட்டேன்னா மாட்டேன்."

மூன்று தடவை மறுத்துவிட்டேன். அவர் கணக்கில் அது முழுச் சம்மதம். மறுநாள் மத்தியானம் போய் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். கட்டிய பணம் திரும்ப வராது என்பதால் கடைசியில் நானும் கிளம்பினேன்.

பயணத்துக்காக அண்ணை மூன்று மாதம் ஸ்பானிஷ் படித்தார். படித்தது ஒரே ஒரு வாக்கியம்: "நோ, கிராசியாஸ்." வேண்டாம், நன்றி. தண்ணீர் எங்கே, கழிவறை எங்கே என்று கேட்கவெல்லாம் அவர் கற்றுக்கொள்ளவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, நெஞ்சில் கை வைத்து, அந்த ஒன்றையே பழகினார். மற்றதை எல்லாம் ஒரு சின்னப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டேன்.

ஓஹாக்கா மலைப்பக்கம் ஒரு கிராமத்தில் பேருந்து எங்களை இறக்கிவிட்டது. அது மூன்றாம் நாள்தான் திரும்ப வரும். ஊரில் தங்கும் விடுதி என்று எதுவும் இல்லை. கடைக்காரர் ஒரு வீட்டைக் கைகாட்டினார். அங்கே ஐம்பது வயதில் ஓர் அம்மாள் தனியாக இருந்தாள். மண் சுவர், ஓட்டுக் கூரை, முற்றத்தில் ஒரே ஒரு சிவப்புக் கோழி. ஊரார் அவளை டோன்யா என்றார்கள். நாம் அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவோமே, அப்படித்தான். நாங்கள் யார், எந்த நாடு என்றுகூட அவள் கேட்கவில்லை. பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

சோள மாவைக் கையில் தட்டி மண் ஓட்டில் போட்டு எடுத்த ரொட்டி. கறுப்பு பீன்ஸ். பச்சை மிளகாயைக் கல்லில் வைத்து நசுக்கிய துவையல். வாசனையிலேயே எனக்கு மதுரை தெரிந்தது. அண்ணை நெஞ்சில் கை வைத்தார்.

"நோ, கிராசியாஸ்."

அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. தட்டில் இரண்டு ரொட்டி விழுந்தன.

"நோ, கிராசியாஸ்," என்றார். குரலில் நம்பிக்கை கூடியிருந்தது. பீன்ஸ் வந்தது.

மூன்றாம் தடவை சொல்ல வாயைத் திறந்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து முக்காலியில் உட்கார வைத்தாள். அண்ணை என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"மிளகாய் உறைக்குது," என்றார். இன்னும் ஒரு வாய்கூட அவர் சாப்பிட்டிருக்கவில்லை.

அந்த இரண்டு நாளும் அவருக்குத் திருவிழா. தெருவில் கால் வைத்தால் ஒரு வீடு கூப்பிடும். அண்ணை மறுப்பார். அவர்கள் இழுப்பார்கள். உள்ளே போனால் ரொட்டி, பீன்ஸ், கிண்ணத்தில் நுரை பொங்கும் சாக்லேட் பானம். வெளியே வந்தால் அடுத்த வீடு. இரண்டாம் நாள் உச்சிவேளைக்குள் ஐந்து வீடு முடித்திருந்தோம். பிரச்சினை எனக்குத்தான். அண்ணையின் வேண்டாம் பொய், என்னுடையது வயிற்றின் அடியிலிருந்து வந்த சத்தியம். இரண்டுக்கும் ஒரே அளவில்தான் பரிமாறினார்கள். ஆறாவது வீட்டில் நான் இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டேன். அந்த வீட்டுக் கிழவர் என் கைமேலேயே ஒரு ரொட்டியை வைத்தார்.

"செத்துருவேன் அண்ணே!"

"சத்தம் போடாதையும். மரியாதை தெரியாத ஆள் எண்டு நினைக்கப்போறாங்கள். சாப்பிடும்."

அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சிட்னி திரும்பியதும் வேறு வீடு பார்த்துப் போய்விடுவது என்று ஒரு கற்றாழைப் புதருக்குப் பின்னால் குந்தியபடி முடிவெடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை, பேருந்து வரும் நாள். டோன்யா ஒரு பானையை இறக்கினாள். கறுத்துப் பளபளக்கும் குழம்பு, மிளகாயும் சாக்லேட்டும் சேர்ந்த வாசனை, உள்ளே கோழித் துண்டுகள். எங்கள் இருவர் தட்டும் நிரம்பின. அண்ணை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே தற்செயலாக முற்றத்தைப் பார்த்தார். சிவப்புக் கோழி அங்கே இல்லை. பிறகு அடுப்படியைப் பார்த்தார். டோன்யா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒற்றை ரொட்டியை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

அண்ணை தட்டைக் கீழே வைத்தார். "நோ, கிராசியாஸ்."

அவள் திரும்பி வந்து இன்னொரு துண்டு வைத்தாள்.

"நோ! நோ!" அவர் எழுந்தார். அவள் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்துக் குழம்பை ஊற்றினாள். மீட்டர் பார்க்க வந்தவன் முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "தம்பி, உண்மையாவே வேண்டாம் எண்டதுக்கு இவையின்ரை பாசையிலை என்ன சொல்லுறது? கெதியாப் புத்தகத்தைப் பாரும்!"

"புத்தகத்துல இல்லண்ணே. உங்க பாஷையிலயும்தான் இல்ல. மூணு வருஷமா நான் தேடிக்கிட்டிருக்கேன்."

மூன்று வருடக் கோபத்தையும் அந்த ஒரு பதிலில் தீர்த்துக்கொண்டேன். அவர் காதில் அது விழவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போய் டோன்யாவின் கையில் திணித்தார். அவள் திருப்பித் தள்ளினாள். அவர் மறுபடி திணித்தார்.

"பிடியும் அம்மா! நீர் சாப்பிடாமல் நான் தொடமாட்டன்!"

அவள் ஸ்பானிஷில் உரக்க ஏதோ சொன்னாள். அதில் கடவுளின் தாயார் இரண்டு இடத்தில் வந்தார்.

"உந்தக் கதை எல்லாம் என்னட்டை வேண்டாம். நாங்களும் உந்தப் பள்ளிக்கூடத்திலைதான் படிச்சனாங்கள். இரும்!"

தட்டு இங்கும் அங்கும் போய்வந்தது. சத்தம் கேட்டு வாசலில் ஊர் கூடிவிட்டது. பேருந்தும் வந்து ஹாரன் அடித்தது. ஓட்டுநர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார், அவர் கையில் யாரோ ஒரு ரொட்டியைக் கொடுத்தார்கள். டோன்யா இரண்டு தடவை மறுத்தாள். மூன்றாம் தடவை அண்ணை அவள் மணிக்கட்டைப் பிடித்து முக்காலியில் உட்கார வைத்தார். அவள் சிரித்துவிட்டாள். அண்ணை தன் கையால் கோழிக்காலை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவள் அதைச் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பேருந்து ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. பயணிகள் யாரும் முணுமுணுக்கவில்லை. அதற்குள் அவர்களையும் பக்கத்து வீடுகள் சாப்பிட வைத்திருந்தன.

மலை இறங்கும்போது அண்ணை தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். "மூண்டு நாளும் அந்த மனிசியின்ரை பங்கைத் திண்டிருக்கிறன் ஐசே. அறிவிருக்கே எனக்கு?"

ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். வேறு வீடு பார்க்கும் திட்டத்தையும் விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சிட்னி திரும்பிய மாதமே ஒப்பந்தம் முடியும் நாள் வந்தது. மேலாளர் என்னை அழைத்து, "இன்னும் மூன்று வருடம் இருக்க விருப்பமா?" என்றார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் "யெஸ் ப்ளீஸ்" என்றுவிட்டேன். அடுத்தது அண்ணை. உள்ளே போனவர் ஒரே நிமிடத்தில் வெளியே வந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"கேட்டவர்."

"நீங்க?"

"கேட்ட உடனை ஓம் எண்டு பாய்ஞ்சு விழுறதே? உங்களுக்கு ஏன் சிரமம், வேண்டாம் எண்டன்."

"அதுக்கு அவர்?"

"ரைட்டோ எண்டார்."

"இப்பவே உள்ள போங்க. தப்பாச் சொல்லிட்டேன், வேலை வேணும்னு சொல்லுங்க."

"இன்னொருக்காக் கேப்பார். மூண்டு வருசம் வேலை செய்த மனிசனை இன்னொருக்காக் கேக்காமல் விடுவினமே?"

விட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. சேவைக்கு நன்றி, எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். மேலாளர் கெட்டவர் அல்ல. ஒருவர் வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டும் என்று நினைக்கிறவர். அந்த மதிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று மாலை அண்ணை அட்டைப் பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கதவில் சாய்ந்து நின்றேன். "நான் போய் மேலாளர்கிட்ட பேசட்டுமாண்ணே?"

அவர் தலை நிமிரவில்லை. "வேண்டாம் தம்பி. உமக்கேன் கரைச்சல்."

கஞ்சி, மெக்சிகோ, கற்றாழைப் புதர், ரைட்டோ எல்லாம் சேர்ந்து எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "சரி, வேண்டாம்னா வேண்டாம். எக்கேடோ கெட்டுப் போங்க!" என்று கத்திவிட்டு என் அறைக் கதவை ஓங்கிச் சாத்தினேன்.

கடைசி நாள் காலை பத்து மணி. டீ வண்டி அண்ணையின் மேசையைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. அவர் போகிறார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"டீ, லவ்?"

"நோ, தாங்க் யூ."

"கடைசி நாளிலுமா? சும்மா குடியப்பா." அவள் கோப்பையை அவர் முன்னால் 'டக்'கென்று வைத்தாள். இரண்டு பிஸ்கட் வைத்தாள். அவர் நெஞ்சில் கை வைத்ததும் மூன்றாவதையும் வைத்துவிட்டுப் போனாள். அண்ணை அதை அரை மணி நேரம் குடித்தார். முடித்துவிட்டு என்னிடம் திரும்பி, "சீனி காணாது," என்றார்.

விமான நிலையத்தில் நாங்கள் அதிகம் பேசவில்லை. என் கோபம் அவர் போய் இரண்டு வாரம் இருந்தது. அப்புறம் வீடு அமைதியாக இருந்தது. ஒரு மாலை தனியாக உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான், அவர் பெட்டி அடுக்கிக்கொண்டே சொன்ன வேண்டாம் எத்தனையாவது வேண்டாம் என்று எனக்கு உறைத்தது. இந்த உலகத்தில் அவருடைய கணக்கு தெரிந்த ஒரே ஆள் நான். மேலாளருக்குத் தெரியாது, மன்னிக்கலாம். எனக்குத் தெரியுமே.

நான்கு மாதம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து நீலக் கடிதம் வந்தது. அடுத்த விடுமுறைக்கு வந்து தங்கிப் போகும்படி எழுதியிருந்தார். அவர் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது. "வேண்டாம் அண்ணே, உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரண்டாம் கடிதம் வந்தது: "உமக்கு விசரே? வாரும்." அதற்கும் வேண்டாம் என்றே எழுதினேன். மூன்றாவதில் ஒரே வரிதான் இருந்தது: "கோழி பிடித்துக் கட்டியாயிற்று, எந்த நாள் என்று மட்டும் எழுதும்."

பெட்டியைக் கட்டும்போது அழுகை வந்தது. அந்த மனிதர் என்னை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் அவரை ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்.